ராடாரே எல்லாவற்றையும் காட்டும்போது போர்த்தகவல் மையத்தில் இத்தனை பேர் எதற்கு?

கேள்வி இதுதான்: இன்றைய போர்க்கப்பலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவைக் கண்காணிக்கும் ராடார்களும், அவை தரும் தரவை உடனுக்குடன் அலசும் கணினிகளும் இருக்கும்போது, கப்பலின் உட்பகுதியில் உள்ள போர்த்தகவல் மையம் என்ற இருட்டறையில் ஒரு கூட்டமே ஹெட்செட் மாட்டிக்கொண்டு இரவும் பகலும் உட்கார்ந்திருப்பது ஏன்? அவர்களில் யார் என்ன செய்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், ராடார் தருவது தொலைவு, திசை, சில வகை ராடார்களில் உயரம் ஆகியவற்றை மட்டுமே. அங்கே வருவது யார், எந்த நோக்கத்தோடு வருகிறார், அவரை என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த எண்களில் விடை கிடையாது. போர்த்தகவல் மையத்தின் ஒவ்வோர் இருக்கையும் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றின் ஒரு பகுதியைக் கவனிப்பதற்காகப் போடப்பட்டதே. இனி விரிவாகப் பார்க்கலாம். பெரும்பாலும் அமெரிக்கக் கடற்படையின் அமைப்பை வைத்தே விளக்குகிறேன். அதன் பெருந்தவறுகளைப் பற்றிய விசாரணை முடிவுகள் பொதுவெளியில் கிடைப்பதே காரணம். பிரிட்டிஷ் மரபில் வந்த கடற்படைகளில் இதே இடத்துக்கு ஆபரேஷன்ஸ் ரூம் என்று பெயர். பதவிப் பெயர்கள் மாறினாலும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் ராடாரின் எல்லைகளைப் புரிந்துகொள்ள வேண்டும். ராடார் அனுப்பும் அலைத்துடிப்பு ஒளியின் வேகத்தில் சென்று, பொருளில் பட்டுத் திரும்பி வருகிறது. போய்வரும் நேரத்தில் ஒவ்வொரு மைக்ரோ நொடியும் 150 மீட்டர் தொலைவுக்குச் சமம். ஆகவே ஒரு மைக்ரோ நொடி நீளமுள்ள எளிய துடிப்பை அனுப்பும் ராடாரால், ஒரே திசையில் 150 மீட்டருக்குள் முன்பின்னாகச் செல்லும் இரண்டு படகுகளைத் தனித்தனியாகக் காட்ட இயலாது. நொடிக்கு 1,000 துடிப்புகளை அனுப்பும் ராடாருக்கு 150 கிலோமீட்டருக்கு அப்பால் குழப்பம் தொடங்குகிறது: 170 கிலோமீட்டரிலிருந்து வரும் எதிரொலி, அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகே வந்து சேர்வதால், 20 கிலோமீட்டரில் ஏதோ இருப்பதுபோலத் தோன்றும். துடிப்புகளின் இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்புவது போன்ற உத்திகளால் இதைச் சமாளிக்கிறார்கள். ஆயினும் திரையில் தெரிவதெல்லாம் அந்த இடத்தில்தான் உள்ளது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் எந்த ராடார் இயக்குநருக்கும் முதல் பாடம்.

அலைகளும் எதிரொலி தரும். கடல் கொந்தளிக்கும் இரவில், மேற்பரப்பு ராடாரின் திரையில் கப்பலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குப் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும். எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை இயக்குநர் குறைத்தால் அலைப் புள்ளிகள் மறையும். கூடவே சிறிய மரப்படகும் மறைந்துவிடும். கூட்டினால் படகு தெரியும், ஆனால் ஆயிரம் பொய்ப் புள்ளிகளுக்கு நடுவே. மழைத் திரையை அடக்குவதற்கு ஒரு குமிழ், அருகிலுள்ள அலைகளை அடக்குவதற்கு வேறொரு குமிழ். இவற்றைக் கடலின் நிலைக்கேற்ப ஓயாமல் சரிசெய்துகொண்டே இருப்பது சலிப்பூட்டும் வேலை. அதனாலேயே கைவிடப்படுகிற வேலையும்கூட. 2017 ஜூன் 17 அன்று ஜப்பான் அருகே யுஎஸ்எஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற நாசகாரிக் கப்பல் ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற சரக்குக் கப்பலுடன் மோதி 7 மாலுமிகள் இறந்தனர். ராடார்களைச் சூழலுக்கேற்பச் சரிசெய்து வைக்கத் தவறியது, அமெரிக்கக் கடற்படையின் விசாரணை சுட்டிய குறைகளில் ஒன்று.

ஒரே ராடார் எல்லா வேலையையும் செய்துவிட முடியாததால்தான் பாய்மரம்போல் உயர்ந்து நிற்கும் கம்பத்தில் அத்தனை ஆன்டெனாக்கள் இருக்கின்றன. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மழையால் அதிகம் பாதிக்கப்படாமல் நெடுந்தொலைவு செல்லும். ஆனால் கூர்மை குறைவு. உயர்ந்த அதிர்வெண் கூர்மையானது. ஆனால் மழையில் வலுவிழக்கும். ஆகவே வான்தேடலுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணும், கப்பலோட்டத்துக்கும் குறிவைத்தலுக்கும் உயர்ந்த அதிர்வெண்ணும் பயன்படுகின்றன. பல ஆண்டுகளாக உழைத்த எஸ்பிஎஸ்-49 என்ற வான்தேடல் ராடாரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6 அல்லது 12 முறை சுழலும் அது, ஒரே விமானத்தை 5 அல்லது 10 நொடிகளுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை, இரண்டு பார்வைகளுக்கு இடையில் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் வரை நகர்ந்துவிடும். தவிர, அந்த ராடார் உயரத்தைக் காட்டாது.

1983 ஜனவரியில் பணியில் சேர்ந்த யுஎஸ்எஸ் டைகாண்டரோகாவோடு வந்த, ராடாரையும் கணினியையும் ஏவுகணைகளையும் ஒன்றாக இணைக்கும் ஏஜிஸ் அமைப்பு இந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. அதன் எஸ்பிஒய்-1 ராடார் சுழல்வதில்லை. நான்கு திசைகளை நோக்கிப் பதிக்கப்பட்ட நான்கு எண்கோண முகப்புகள், அலைக்கற்றையை மின்னணு முறையில் கணப்பொழுதில் எங்கு வேண்டுமானாலும் திருப்பும். தேடலையும் பின்தொடர்தலையும் சேர்த்தே செய்வதோடு உயரத்தையும் அது தருகிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கப்பலைக் காக்க ஏவப்படும் எஸ்எம்-2 வகை ஏவுகணை, தன் கடைசி நொடிகளில், இலக்கின் மீது கப்பலிலிருந்து எஸ்பிஜி-62 ராடார் பாய்ச்சும் கற்றையின் எதிரொலியைப் பிடித்துத்தான் இலக்கை அடையும். அத்தகைய ராடார்கள் ஆர்லி பர்க் வகைக் கப்பலில் மூன்றே, டைகாண்டரோகா வகையில் நான்கே. பல இலக்குகள் ஒருசேர வரும்போது இந்த மூன்றையோ நான்கையோ நொடிக் கணக்கில் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். எந்த இலக்கு முதலில், எது அடுத்தது என்ற வரிசை அங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது. சொந்தமாகத் தேடும் ராடாரை மூக்கில் சுமந்து செல்லும் எஸ்எம்-6 வந்த பிறகுதான் இந்த நெருக்கடி ஓரளவு தளர்ந்தது.

எந்தத் தொழில்நுட்பத்தாலும் எளிதில் நீக்க முடியாத எல்லை பூமியின் வளைவு. ராடார் ஆன்டெனாவின் உயரத்தையும் இலக்கின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால், ராடாரின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆன்டெனா 20 மீட்டர் உயரத்தில் இருக்க, ஏவுகணை கடலை உரசியபடி 4 மீட்டர் உயரத்தில் வந்தால் விடை ஏறத்தாழ 27 கிலோமீட்டர். ஒலியைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் வரும் ஏவுகணைக்கு அது ஒன்றரை நிமிடம். ராடார் அதைப் பிடித்து உறுதிசெய்வதற்குச் சில நொடிகள், நம் ஏவுகணை கிளம்பிப் போய்ச் சேர்வதற்குச் சில பத்து நொடிகள் என்று கழித்துப் பார்த்தால், அறையில் இருப்பவர்கள் பேசி முடிவெடுக்க எஞ்சுவது அரை நிமிடத்தைவிட அதிகமாக இருந்தால் அது அதிர்ஷ்டம். அந்த அறையின் அமைப்பு, பேச்சுமுறை, அதிகாரப் பகிர்வு யாவும் இந்த அரை நிமிடத்தை மனத்தில் வைத்தே உருவானவை. ராடாரைச் சுமந்து பறக்கும் ஈ-2 ஹாக்ஐ போன்ற விமானங்களை மேலே நிறுத்துவதும் இந்தக் கணக்கை மாற்றுவதற்குத்தான்: ஆன்டெனாவை ஆயிரக்கணக்கான மீட்டர் உயர்த்தினால் தொடுவானம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

இப்படி ஓர் அறை தேவை என்பதை அமெரிக்கர்கள் பெருவிலை கொடுத்தே உணர்ந்தார்கள். 1942 நவம்பர் 13 அதிகாலையில் குவாடல்கனால் தீவருகே ரியர் அட்மிரல் டேனியல் கேலகன் தலைமையிலான படை இருளில் ஜப்பானியப் படையை எதிர்கொண்டது. படையிலிருந்த ஹெலினா என்ற கப்பலில் எஸ்ஜி என்ற புதிய 10 சென்டிமீட்டர் அலை ராடார் இருந்தது. சுற்றுப்புறத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வட்டத் திரையில் வரைந்து காட்டும் வகை அது. ஜப்பானியக் கப்பல்களை ஏறத்தாழ 25 கிலோமீட்டரிலேயே அது கண்டுபிடித்தது. ஆனால் கேலகன் நின்ற சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்த ராடார் இல்லை. அவர் படத்தைப் பார்க்க வழியின்றி, ஆணைகளும் கேள்விகளும் முட்டிமோதிய ஒரே வானொலி அலைவரிசையில் காதால் கேட்டே நிலைமையை மனத்தில் வரைய வேண்டியிருந்தது. கடைசியில் இரு படைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மிக நெருக்கத்தில் சுட்டுக்கொண்டன. கேலகனும் மற்றொரு ரியர் அட்மிரலான நார்மன் ஸ்காட்டும் உயிரிழந்தனர்.

அதே அணிவகுப்பின் கடைசியில் ஃபிளெச்சர் என்ற நாசகாரி வந்துகொண்டிருந்தது. அதன் துணைத் தளபதி ஜோசப் வைலி, ராடார் திரையின் அருகிலேயே நின்றுகொண்டு, மேலே பாலம் எனப்படும் கப்பலோட்டும் மேடையில் இருந்த தளபதிக்கும் பீரங்கி, டார்ப்பிடோ நிலையங்களுக்கும் தான் காண்பதைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாத் தகவலும் ஒருவரிடம் வந்து, அலசப்பட்டு, தேவைப்படுபவருக்குத் தேவையான அளவில் போவது என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். ஃபிளெச்சர் அந்தச் சண்டையில் அடிபடாமல் வெளியேறியது. அந்த மாதமே பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ், கப்பல்கள்தோறும் இத்தகைய மையம் அமைக்க ஆணையிட்டார். மறு ஆண்டில் நாசகாரிகளுக்கான கையேட்டை உருவாக்கும் பணியில் வைலி அமர்த்தப்பட்டார். கண்ணாடிப் பலகையின் பின்புறம் நின்று, முன்னால் இருக்கும் அதிகாரிக்கு நேராகத் தெரியும்படி எழுத்துகளை இடவலமாகத் திருப்பி எழுதப் பழகிய மாலுமிகளின் காலம் அது. 1960களின் தொடக்கத்தில் கணினி வந்த பிறகு, அவர்கள் கையால் எழுதியதைத் திரையில் குறியீடுகள் காட்டத் தொடங்கின.

அந்தக் குறியீட்டு மொழி எளிமையானது. முழு வடிவம் கடல்மேல் இருப்பது, மேல் பாதி மட்டும் என்றால் வானில், கீழ்ப் பாதி என்றால் நீருக்கடியில். வளைகோடு நண்பர், கூர்முனை எதிரி, சதுரமுனை இன்னும் அடையாளம் தெரியாதவர். ஒரு சதுரமுனை வளைகோடாகவோ கூர்முனையாகவோ மாறுவதற்குள் எத்தனை கைகள் அதைத் தொடுகின்றன என்பதைப் பார்த்தால், அறையில் உள்ளவர்களின் வேலை தானாகவே விளங்கும்.

நூற்றைம்பது கிலோமீட்டரில் புதிய வான்புள்ளி ஒன்று தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராடார் கட்டுப்பாட்டாளர் என்பவர் அலைக்கற்றையின் ஆற்றல், கரையோர நிலப்பரப்பின் பொய் எதிரொலிகளை ஒதுக்கும் அமைப்பு போன்றவற்றைக் கவனிப்பவர்; புள்ளி உண்மையானதா என்பது முதலில் அவர் பொறுப்பு. தடமறிபவர் அதற்கு ஒரு தட எண் கொடுத்து, கணினி அதைத் தவறவிடாமல் பின்தொடர்கிறதா என்று பார்க்கிறார். அடையாள மேற்பார்வையாளர், நண்பரா எதிரியா என்று அறிய உதவும் ஐஎஃப்எஃப் என்ற வானொலிக் கருவி மூலம் அந்த விமானத்தைக் கேட்கிறார். பயணிகள் விமானமானால் அந்தக் கருவியின் கேள்வி முறைகளில் மூன்றாவதில் 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களால் ஆன நான்கிலக்கக் குறி பதிலாக வரும்; ராணுவத்துக்கே உரிய மறைகுறி முறைகள் வேறு உண்டு. அவர் கையில் அன்றைய பயணிகள் விமானங்களின் நேரப்பட்டியலும் வான்வழிப் பாதைகளின் வரைபடமும் இருக்கும். மின்னணுப் போர் இருக்கையில் இருப்பவர் இதற்காக எந்த அலையையும் அனுப்புவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அந்தத் திசையிலிருந்து வரும் ராடார் அலை பயணிகள் விமானத்தின் வானிலை ராடாருக்கு உரியதா, போர்விமானத்துக்கு உரியதா என்று அவர்தான் சொல்ல முடியும். என் கருத்தில் அறையிலேயே மிகக் குறைவாக மதிக்கப்படும் இருக்கை அதுதான். ராடாரால் சொல்லவே முடியாத ஒன்றைச் சொல்வது அது. தரவிணைப்பைக் கவனிப்பவர், லிங்க்-16 என்ற வானொலித் தரவு வலை வழியாகப் பிற கப்பல்களும் விமானங்களும் அதே புள்ளியை என்னவாகப் பதிந்துள்ளன என்பதையும், ஒரே விமானம் இரண்டு எண்களில் தோன்றிக் குழப்பவில்லை என்பதையும் பார்க்கிறார். சொந்தப் போர்விமானங்கள் வானில் இருந்தால், அவற்றை வானொலியில் வழிநடத்தி அந்தப் புள்ளியை நேரில் பார்த்துவரச் செய்பவர் இடைமறிப்புக் கட்டுப்பாட்டாளர்.

இவர்கள் சொல்வதெல்லாம் வான்போர் ஒருங்கிணைப்பாளரிடம் சேர்கிறது. கடல்மேல் இலக்குகளுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் இதேபோல் தனித்தனி ஒருங்கிணைப்பாளர்கள் உண்டு. மேற்பரப்புப் பிரிவுக்கு இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது: எதிரே வரும் ஒவ்வொரு கப்பலும் நம்மை எவ்வளவு நெருங்கிக் கடக்கும் என்று கணக்கிட்டுப் பாலத்தில் உள்ள அதிகாரிக்குச் சொல்வது. போரை மட்டும் எண்ணி இதை அலட்சியம் செய்யும் மையங்கள், எதிரியே இல்லாத கடலில் ஆபத்தை வரவழைக்கின்றன. இவர்கள் அனைவருக்கும் மேலே அமர்ந்திருப்பவர் டிஏஓ எனப்படும் தந்திரோபாய நடவடிக்கை அதிகாரி. தளபதி தூங்கிக்கொண்டிருந்தாலும், உணவருந்திக்கொண்டிருந்தாலும், கப்பலைக் காக்க ஆயுதங்களைப் பயன்படுத்தும் அதிகாரம் முன்கூட்டியே எழுத்தில் அவருக்கு அளிக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன அரை நிமிடக் கணக்கே இதற்குக் காரணம்: தளபதியை எழுப்பிக் கூட்டிவர அதில் இடமில்லை.

இந்த இருக்கைகள் எந்நேரமும் முழுமையாக நிரம்பியிருப்பதில்லை. அமெரிக்க முறையில் முதல் நிலை என்பது எல்லோரும் போர்நிலையத்தில் இருப்பது. மூன்றாம் நிலையில் முறைவைத்து ஒரு பகுதியினர் ஆயுதங்களை இயக்கும் தயார்நிலையில் இருப்பார்கள். நான்காம் நிலை அமைதிக்காலப் பயணம். வாட்ச் எனப்படும் பணிமுறை மாறும்போது, புதிதாக வருபவர் உடனே நாற்காலியில் அமர்வதில்லை. பழையவரின் பின்னால் நின்று, படத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு, எந்தத் தடம் எந்தக் காரணத்துக்காகச் சந்தேகத்துக்குரியது என்று கேட்டறிந்த பிறகே பொறுப்பேற்பார். ஒரே ஹெட்செட்டில் ஒரு காதில் கப்பலின் உள்வலை, மறு காதில் வெளிவலை என்று இரண்டு பேச்சுகளை ஒருசேரக் கேட்கும் பழக்கமும் வேண்டும். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று வாரக்கணக்கில் ஓடும்போது இது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு மோதல் உள்ளிட்ட 2017 விபத்துகளுக்குப் பிறகு, உடலின் இயல்பான தூக்கச் சுழற்சியை ஒட்டி வாட்ச் அட்டவணை அமைக்க வேண்டும் என்று அமெரிக்க மேற்பரப்புக் கடற்படை உத்தரவிட்டது. அது மிகவும் தாமதமான உத்தரவு.

ஆட்கள் இருந்தும், கருவிகள் வேலை செய்தும், அறை தோற்றுப்போன இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் யுஎஸ்எஸ் ஸ்டார்க் என்ற ஃபிரிகேட்டை நோக்கி ஈராக்கிய மிராஜ் எஃப்1 விமானம் இரண்டு எக்சோசெட் ஏவுகணைகளை ஏவியது. விமானத்தைப் பற்றி முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. கப்பலின் ராடாரும் அதைக் கண்டிருந்தது. அதன் ராடார் கப்பலைக் குறிவைத்ததை மின்னணுப் போர்க் கருவியும் பிடித்தது. ஆனால் ஏவுகணையை முதலில் அறிவித்தவர் வெளியே நின்று கண்ணால் பார்த்த காவலரே. ஃபேலங்க்ஸ் என்ற தானியங்கிப் பீரங்கி தானாகச் சுடும் நிலைக்கு மாற்றப்படவே இல்லை. முதல் ஏவுகணையின் வெடிபொருள் வெடிக்கவில்லை, இரண்டாவதினுடையது வெடித்தது. 37 பேர் இறந்தனர்.

ஓராண்டு கழித்து, 1988 ஜூலை 3 அன்று, அதே நீர்ப்பரப்பை ஒட்டி யுஎஸ்எஸ் வின்சென்ஸ் நேர்மாறான தவற்றைச் செய்தது. பந்தர் அப்பாசிலிருந்து துபாய் சென்றுகொண்டிருந்த ஈரான் ஏர் 655 என்ற ஏர்பஸ் ஏ300 விமானத்தைப் போர்விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தியதில் அதிலிருந்த 290 பேரும் மாண்டனர். ஏஜிஸ் பதிவுநாடாக்களை ஆராய்ந்தபோது, விமானம் இறுதிவரை மேலேறிக்கொண்டே இருந்ததும், பயணிகள் விமானத்துக்குரிய குறியையே அனுப்பியதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. ஆனால் அறைக்குள் பேசப்பட்டதோ விமானம் கீழிறங்கி வருகிறது என்பதும், ராணுவக் குறி வந்தது என்பதும். ஐஎஃப்எஃப் கருவி கேட்கும் தொலைவு வரம்பு பந்தர் அப்பாஸ் விமான நிலையத்தின் மீதே விடப்பட்டிருந்ததால், அங்கிருந்த வேறொரு ராணுவ விமானத்தின் பதில் இதனுடையதாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது விசாரணையில் முன்வைக்கப்பட்ட விளக்கம். தரவிணைப்பில் விமானத்தின் தட எண் இடையில் மாறியதையும், பழைய எண் தொலைவில் பறந்த வேறொரு விமானத்துக்குப் போய்விட்டதையும் பின்னாளைய ஆய்வுகள் சுட்டுகின்றன. பழைய எண்ணைச் சொல்லி உயரம் கேட்டவருக்கு யாருடைய உயரம் கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பெரிய திரையில் இலக்கின் உயரம் காட்டப்படாமல், சிறிய எழுத்துத் திரையில் எண்ணாக மட்டுமே இருந்தது. ராணுவ அவசர அலைவரிசையில் விடுத்த எச்சரிக்கைகளைப் பயணிகள் விமானத்தால் கேட்கவே இயலாது.

முதல் கப்பலில் தெரிந்ததைச் செயலாக மாற்ற யாரும் முந்தவில்லை. இரண்டாவதில் தெரியாததைத் தெரிந்ததாக ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதைச் சரிபார்க்கவில்லை. இரண்டிலும் ராடார் தன் வேலையைச் செய்தது. முதலாவதற்குப் பயந்தே இரண்டாவது நடந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு விளக்கமாகாது என்றாலும், அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஸ்டார்க் மறந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் கணினியிடமே விட்டுவிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏஜிஸில் அதற்கு வழி இருக்கிறது. வேகம், உயரம், திசை, அடையாளம் ஆகியவை முன்கூட்டியே எழுதிவைத்த நிபந்தனைகளுக்குப் பொருந்தினால், மனிதர் தலையிடாமலே ஏவுகணை கிளம்பும்படி அதை அமைக்கலாம். நண்பர்களும் பயணிகள் விமானங்களும் பறக்கும் வானில் அதைத் திறந்து விடுவதற்குத் தளபதிகள் தயங்குவார்கள். 2024 டிசம்பர் 22 அன்று செங்கடலில் யுஎஸ்எஸ் கெட்டிஸ்பர்க், ஹாரி எஸ். ட்ரூமன் விமானந்தாங்கியைச் சேர்ந்த சொந்த நாட்டு எஃப்/ஏ-18 விமானத்தையே சுட்டு வீழ்த்தியதை நினைத்தால் அந்தத் தயக்கம் புரியும். விமானிகள் இருவரும் உயிர் தப்பினர். மறுபுறம், அதே கடலில் 2024 ஜனவரி 30 அன்று யுஎஸ்எஸ் கிரேவ்லியை நோக்கி வந்த ஏவுகணை ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு வரை நெருங்கிவிட, ஃபேலங்க்ஸ்தான் அதை வீழ்த்தியது. ஆக, நிபந்தனைகளை எழுதுவதும், எந்த நேரத்தில் எந்தத் திசைக்கு அவற்றை உயிர்ப்பிப்பது என்று தீர்மானிப்பதும், தவறு தெரிந்த நொடியில் தடுப்பதும் மனிதர் கையிலேயே உள்ளன. கணினி எதைப் பரிந்துரைத்தாலும் ஏவுகணை கிளம்பாமல் பூட்டிவைக்கும் தடைவிசை ஒன்று ஏவுகணை மேற்பார்வையாளரின் இருக்கையில் இருக்கிறது. அந்த விசையின் அருகே ஆள் இல்லாமல் எந்தக் கடற்படையும் இன்றுவரை தன் கப்பலைப் போர்க்கடலுக்கு அனுப்பத் துணியவில்லை; ஆள் இருக்கும்வரை, அவருக்குத் தடத்தைக் கொடுப்பவர், அடையாளத்தைச் சொல்பவர், அதை மறுத்துக் கேட்பவர் என்று மற்ற இருக்கைகளும் தேவைப்படும்.